உருவம் வரைய எலும்பு எவ்வளவு தெரிய வேண்டும்?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து, உயர்தரத்தில் சித்திரம் எடுத்துப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "முகம் வரைந்தால் இன்னார் என்று பார்த்த உடனே சொல்லிவிடுகிறார்கள். முழு உருவம் வரைந்தால் மட்டும் பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி வருகிறது. எலும்புக்கூட்டைப் படித்தால் சரியாகும் என்கிறார்கள். 206 எலும்பையும் பாடமாக்க வேண்டுமா? எலும்புக்கூட்டுக்கு நான் எங்கே போவேன்?"

பாடமாக்கத் தேவையில்லை தம்பி. ஆனால் எலும்பைப் படிக்கச் சொன்னவர் நல்ல வழியைத்தான் காட்டியிருக்கிறார். 206 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலும் இருக்கின்றன: மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை ஒரு கைக்கு 27, ஒரு பாதத்துக்கு 26. மண்டையோட்டில் 22 இருந்தாலும் வரைபவருக்கு அது இரண்டே துண்டு; அசையாத மண்டை, அசைகிற கீழ்த்தாடை. காதுக்குள் இருக்கும் ஆறு சிற்றெலும்புகள் நமக்கு வேண்டவே வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், தொடங்கும்போது கைவசம் இருக்க வேண்டியவை இருபது சொச்சம்தான்.

உங்களுக்கு முகம் நன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. முகத்தில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. கன்ன எலும்பு, புருவ மேடு, கண்குழியின் விளிம்பு, தாடையின் மூலை எல்லாம் வெளியிலேயே தெரிகின்றன. பார்த்து வரைந்தபோது உங்களை அறியாமலே மண்டையோட்டைத்தான் வரைந்திருக்கிறீர்கள். கழுத்துக்குக் கீழே வந்ததும் எலும்பு சதைக்கும் துணிக்கும் உள்ளே போய்விடுகிறது. அப்போது கை வெளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வெளிக்கோடு துணியையும் சதையையும் காட்டும். உள்ளே எது நிமிர்த்திப் பிடித்திருக்கிறது, எது தொங்குகிறது என்பதைக் காட்டாது. பஞ்சடைத்த மாதிரி வருவது இதனால்தான்.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது, எலும்பு தோலுக்கடியில் தட்டுப்படும் இடங்களை. கழுத்தின் பின்னால் தலையைக் குனிந்தால் முண்டாக வரும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. முன்னால் தொண்டைக் குழி. அதன் இரு பக்கமும் ஓடும் காறை எலும்புகள். தோளின் வெளி முனை. முழங்கை முனை. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து முண்டு. இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்பு முனைகள். முதுகின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள திருவென்புக்கு இரு பக்கமும் விழும் இரண்டு குழிகள். தொடையின் வெளிப்பக்கம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வந்து நிற்கும் உயரத்தில் இருக்கும் தொடையெலும்பின் முண்டு. முழங்கால் சில்லு. கணுக்கால் மொளிகள். ஆள் மெலிந்தவரானாலும் பருத்தவரானாலும் இந்த இடங்கள் மாறா. மெலிந்தவரிடம் மேடாகத் தெரிவது பருத்தவரிடம் பல இடங்களில் குழியாகத் தெரியும், அவ்வளவுதான். ஏனென்றால் அந்த இடங்களில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே கொழுப்பு அதிகம் சேர்வதில்லை.

இவற்றைப் படிக்க எலும்புக்கூடு வேண்டியதில்லை. உங்கள் உடம்பு போதும். தொண்டைக் குழியில் ஒரு விரலை வைத்து, காறை எலும்பின் மேலேயே தோள் முனை வரை நகர்த்திப் பாருங்கள். அது நேர்க்கம்பி அல்ல. முதலில் முன்னுக்கு வளைந்து, பிறகு பின்னுக்கு வளைகிறது. இப்போது அந்தப் பக்கத்துக் கையை மெதுவாக மேலே தூக்குங்கள். விரலுக்கடியில் எலும்பின் வெளி முனை எழும்புவது தெரியும்.

இந்த ஒரு சோதனையில் பெரிய பாடம் இருக்கிறது. நம்முடைய கை உடம்போடு எலும்புக்கு எலும்பாகச் சேர்வது ஒரே இடத்தில்தான், காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் அந்தத் தொண்டைக் குழி ஓரத்தில். பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளோடு பூட்டப்படவில்லை. தசைகள் பிடித்திருக்க, விலாக்கூட்டின் மேல் அது வழுக்கிக்கொண்டு திரிகிறது. கையை முழுதாகத் தலைக்கு மேலே தூக்கினால் அது ஏறக்குறைய 180 பாகை. அதில் சுமார் 120 பாகைதான் தோள் மூட்டில் நடக்கிறது. மிச்ச 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. தூக்கிய கையை வரையும்போது தோள்களை ஒரே மட்டத்தில் விட்டுவிட்டு, கையை மட்டும் மேலே ஒட்டவைக்கிறவர்களின் படம் ஏன் உறுத்துகிறது என்று இப்போது விளங்கும்.

உங்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மலையில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவைக் கவனியுங்கள். இரண்டு கையும் தேயிலைச் செடியின் வாதின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். பிடி நிறைந்ததும் ஒரு கை தோளுக்கு மேலாகப் பின்னால் போய்க் கொழுந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் முழங்கை ஏறக்குறைய முகத்தின் உயரத்துக்கு வந்து முன்னால் பார்க்கிறது; முன்கை மடிந்து பின்னால் போகிறது; அந்தப் பக்கத்துக் காறை எலும்பின் வெளி முனை எழும்பி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுகிறது; முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ் முனை வெளிப்பக்கமாகச் சுழன்று அக்குளுக்கு அடியில் தெரிகிறது. மற்றக் கை இன்னும் வாதின் மேலேயே இருப்பதால் அந்தத் தோள் கீழே. இரண்டு தோள் முனைகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது நன்றாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவை முதலில் போட்டுவிட்டு மற்றதை வரைந்தால் படம் அப்போதே உயிர் பிடித்துவிடும்.

அதே கையில் இன்னொரு விஷயம். முன்கையில் இரண்டு எலும்புகள்: சுண்டுவிரல் பக்கம் அரந்தி எலும்பு, பெருவிரல் பக்கம் ஆரை எலும்பு. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். உள்ளங்கையைக் கீழே திருப்பினால் ஆரை எலும்பு அரந்தியின் குறுக்கே ஏறி மறுபக்கம் போய்விடுகிறது. கொழுந்து எடுக்கும் கையில் உள்ளங்கை பெரும்பாலும் கீழே பார்க்கிறது, எனவே எலும்புகள் குறுக்கிட்டே நிற்கின்றன. அதனால் முன்கையின் வடிவம் நேர்க்குழாயாக இல்லாமல் முறுக்கிக்கொண்டு இறங்கும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து முண்டும் நன்றாக எழும்பித் தெரியும். முழங்கை முனையில் இருந்து அந்த முண்டு வரை அரந்தியின் விளிம்பை விரலால் முழுதும் தடவிப் பார்க்கலாம், இடையில் எங்கும் சதைக்குள் மறையாது. முன்கை எப்படித் திரும்பினாலும் அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

சரி, உடம்பின் நடுப்பகுதிக்கு வருவோம். மண்டை, விலாக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய மூன்றையும் மூன்று திடப்பொருளாக மனதில் வையுங்கள். இவை வளையா, ஒன்றுக்கொன்று சரியும், திரும்பும், அவ்வளவே. வளைவது இவற்றுக்கு நடுவே உள்ள கழுத்தும் இடையும். முள்ளந்தண்டில் அசையும் முள்ளெலும்புகள் 24: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. மார்புப் பகுதியில் உள்ள 12 எலும்புகளோடும் விலா எலும்புகள் பூட்டியிருப்பதால் அங்கே முன்பின் வளைவு குறைவு. உட்கார்ந்துகொண்டு ஒரு கையின் விரல்களைக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே வைத்துப் பக்கவாட்டில் சாயுங்கள். ஒரு பக்கம் விரல் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி திறக்கும். வரையும்போது நசுங்கும் பக்கத்தில் சதை மடிப்பு, திறக்கும் பக்கத்தில் நீண்ட கோடு. பஞ்சுப் பொம்மைப் படங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கவனித்திருக்கிறீர்களா?

விலாக்கூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது மேலே ஒடுங்கியது. தோள் அகலத்தை விலாக்கூட்டின் அகலம் என்று நினைத்துப் பெட்டி மாதிரி வரைகிறவர்கள்தான் அதிகம். முதல் விலா எலும்பின் வளையம் சிறியது. தோளுக்கு அந்த அகலத்தைக் கொடுப்பது காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும்.

இடுப்புத்தான் எல்லாவற்றிலும் முக்கியம். என்னைக் கேட்டால், மற்றது எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இடுப்பெலும்பின் சரிவை மட்டுமாவது படியுங்கள் என்பேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். காத்து நிற்கிறவர்களில் இரண்டு காலிலும் சமமாக நிற்கிறவர் அபூர்வம். பாரம் ஒரு காலில் இருக்கும். அந்தப் பக்கத்து இடுப்பு எழும்பும், சும்மா இருக்கும் காலின் பக்கம் இறங்கும். உடம்பு விழாமல் இருக்க விலாக்கூடு எதிர்ப்பக்கம் சாயும், தோள்கள் இடுப்புக்கு எதிரான சரிவு எடுக்கும். பாரம் தாங்கும் பாதம் பெரும்பாலும் தொண்டைக் குழிக்கு நேர் கீழே வந்து நிற்கும். இவ்வளவையும் நாலு கோட்டில் போடலாம். கிரேக்கச் சிற்பிகள் கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் சமதரையில் நிற்கும் உருவத்துக்குச் சொன்னதை அப்படியே மலைக்குக் கொண்டுபோக முடியாது. தேயிலை நிரைக்கு நடுவே குறுக்காக நிற்பவரின் ஒரு பாதம் மேலே, ஒரு பாதம் கீழே. கீழ்ப்பக்கத்துக் கால் நீண்டு பாரத்தைத் தாங்கும், மேல்பக்கத்து முழங்கால் மடியும். அப்படி மடிவதால்தான் இடுப்பு ஓரளவு மட்டமாக நிற்கிறது. மடியாவிட்டால் மேல்பக்கத்து இடுப்பு தூக்கிக்கொள்ளும், முள்ளந்தண்டு கீழ்ப்பக்கம் சாய்ந்து, அதைச் சரிக்கட்ட மேலே திரும்பி வளைய வேண்டியிருக்கும். இடுப்பெலும்பு சேலைக்கும் அதன் மேல் சுற்றிக் கட்டும் படங்குக்கும் அடியில் மறைந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். படங்கு கட்டிய கயிற்றின் கோட்டைப் பாருங்கள். அது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. கயிறு எப்படிச் சரிகிறதோ இடுப்பும் அப்படி.

அப்புறம் கூடை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பாடசாலைச் சித்திரப் போட்டிகளிலும் சரி, சுற்றுலாக்காரருக்கு விற்கும் படங்களிலும் சரி, கொழுந்து எடுக்கும் பெண் நாட்டியக்காரி மாதிரி நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். முதுகில் கூடை அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடைக்குப் பாரமே இல்லை. உண்மையில் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது, பாரம் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. பின்னால் இழுக்கும் அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு இடுப்பு மூட்டில் இருந்தே முன்னால் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால்தான் ஆளும் கூடையும் சேர்ந்த பாரம் பாதங்களுக்கு நடுவே விழும். கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளும் முன்னால் நீண்டு அந்த இழுவையைத் தாங்குகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் காது தோளுக்கு நேர் மேலே இல்லை, முன்னுக்கு வந்திருக்கும். காலையில் வெறுங்கூடையோடு இருக்கும் சாய்வு வேறு, கொழுந்து நிறுக்கக் கொண்டுவரும்போது இருக்கும் சாய்வு வேறு. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பையும் சாக்கும் வந்துவிட்டன. பாரம் தொங்கும் இடம் மாறினால் உடம்பின் சாய்வும் மாறும், அதையும் பார்த்தே வரைய வேண்டும். நம் அம்மாக்களின் உழைப்பை வரைகிற படத்தில் அந்த உழைப்பின் கனம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எலும்பு தெரிந்தவருடைய கைக்குத்தான் அந்தக் கனம் வரும்.

வயதானவர்களை வரையும்போதும் இதே கதைதான். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் மெலிகின்றன, சிலருக்கு முள்ளெலும்புகளே அமுங்குகின்றன. மார்புப் பகுதியின் வளைவு கூடி, உயரம் குறைந்து, விலாக்கூடு இடுப்பெலும்பை நெருங்குகிறது. தலை முன்னால் போனாலும் பார்வை நேராக இருக்க வேண்டுமே என்று கழுத்தின் மேல்பகுதி பின்னால் மடிகிறது. லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் உங்கள் அப்பாயியைக் கேட்டு அனுமதி வாங்கி வரையுங்கள். காறை எலும்பும் கன்ன எலும்பும் கைமொளிகளும் அங்கே தெரிகிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் தெரியாது. சுருக்கங்களைக் கோடு கோடாகப் போட்டு வயதைக் காட்டுவதை விட இந்த வளைவுகளைச் சரியாகப் போட்டாலே வயது வந்துவிடும்.

காலைப் பற்றிச் சுருக்கமாக. தொடையெலும்புகள் இடுப்பில் அகன்று தொடங்கி முழங்காலில் நெருங்குகின்றன; நேராக இறக்கினால் கால் மரக்கட்டையாகிவிடும். கணைக்காலின் உள்பக்கத்து முன்முகம் முழங்காலில் இருந்து கணுக்கால் வரை தோலுக்கடியிலேயே எலும்பு. உள் கணுக்கால் மொளி உயரம், வெளி மொளி தாழ்வு. முழு உயரத்தின் பாதி ஏறக்குறைய தொடைகள் பிரியும் இடத்தில் வரும். போனில் கிட்ட நின்று எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் இந்த அளவு எல்லாம் பொய்த்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று, நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள்.

எலும்புக்கூட்டுக்கு எங்கே போவது என்றீர்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வைத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. உயிரியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பாடம் முடிந்த பிறகு வரைய விடுவார்கள். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூற்றுப் படங்களும், அல்பினஸ் 1747இல் வெளியிட்ட படங்களும் பதிப்புரிமை இல்லாதவை, இணையத்தில் இலவசமாகவே தெளிவாகக் கிடைக்கின்றன. வரைபவருக்கு நான் சிபாரிசு செய்வது அல்பினஸின் படங்களை. வண்டெலார் என்ற ஓவியர் செதுக்கியவை. எலும்புக்கூடு உயிருள்ள ஆள் மாதிரி ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும். இரண்டு படங்களில் பின்னால் ஒரு காண்டாமிருகமும் நிற்கும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று படங்களை டவுனில் போட்டோகொப்பி கடையில் பெரிய தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

பழகும் முறை இது. நீங்களே எடுத்த ஒரு படத்தின் மேல் மெல்லிய தாளை வையுங்கள். வெளிக்கோட்டைத் தொடவே கூடாது. தட்டுப்படும் இடங்களை மட்டும் புள்ளியாக வைத்து, தோள் கோடு, இடுப்புக் கோடு, முள்ளந்தண்டின் வளைவு, மூன்று திடப்பொருள்கள், கைகால் எலும்புகள் என்று உள்ளே இருந்து போட்டு வாருங்கள். பிறகு படத்தை எடுத்துவிட்டு, அதே ஆளை அதே நிலையில், பார்க்காமல் வரையுங்கள். எங்கே கை தயங்குகிறதோ அந்த எலும்பைச் சுவர்ப் படத்தில் போய்ப் பாருங்கள். இந்தப் போய்ப் பார்ப்பதுதான் படிப்பு. எலும்புக்கூட்டையே நாள் முழுதும் பிரதி எடுத்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. நேரில் ஆள் பார்த்து வரைவதும் கூடவே நடக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள், மாசியில் காமன் கூத்து ஆடுபவர்கள், டிசம்பரில் இருந்து மே வரை நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறி இறங்குபவர்கள், எல்லாரும் நல்ல பாடம். படி இறங்குகிறவரின் முழங்காலும் இடுப்பும் சொல்லித் தரும் அளவுக்கு வகுப்பில் நிற்கும் மாதிரி ஆள் சொல்லித் தரமாட்டார். யாரையும் கேட்காமல் வரையவோ படம் எடுக்கவோ வேண்டாம். கேட்டால் நம் ஆட்கள் மறுப்பது குறைவு. வரைந்ததைக் காட்டவும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, எலும்பு தெரிந்துவிட்டது என்று எல்லாப் படத்திலும் அதைத் துருத்திக் காட்டக் கூடாது. முப்பதுக்கு மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்ததாகச் சொன்ன லியனார்டோ டாவின்சியே, தசையை முண்டு முண்டாகக் காட்டும் ஓவியர்களைப் பார்த்து, வாதுமைக் கொட்டை மூட்டை மாதிரி இருக்கிறது என்று கண்டித்திருக்கிறார். கண்டிப் பக்கம் தெகல்தொருவ விகாரையில் உள்ள 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் போய்ப் பார்த்தால், அங்கே உருவங்கள் தட்டையாக, கோட்டின் அழகாலேயே நிற்கின்றன. அந்த மரபை எலும்பை வைத்து அளப்பது தப்பு. நீங்கள் கேட்டது, பார்த்த ஆளைப் பார்த்தபடி நிறுத்துவதற்கு. அதற்கு எலும்பு வேண்டும்.

தசை படிப்பது அதற்குப் பிறகு. அப்போதும் முழுப் பட்டியலோடு தொடங்க வேண்டாம். கழுத்தின் பக்கத்தில் பட்டையாகத் தெரியும் தசை ஒன்றை முதலில் எடுங்கள். அது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முண்டில் தொடங்கி, தொண்டைக் குழிக்கும் காறை எலும்பின் உள் முனைக்கும் இறங்குகிறது. இரண்டு முனையும் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த இடங்கள், எனவே நடுவே ஒரு பட்டையை இழுத்தால் போதும். தலையைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்துப் பட்டை எழும்பும். அடுத்தது கழுத்தின் பின்னால் இருந்து தோள்பட்டை எலும்புக்கு விரியும் தசை, கூடைப் பாரத்தில் முதலில் வலிப்பது அதுதான்.